சுவரைப் பார்த்த அம்மன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே வருகிறேன்.

பேரிழப்பில் மனிதரைத் தாங்குவது பக்தியா, பக்கத்து வீட்டாரா என்பது தலைப்பு. பக்தியே என்பது எங்கள் அணி. சற்றுமுன் எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களையே சுனாமியில் கடல் வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் கும்பிடுவது, ஓடிப்போன சீட்டுக் கம்பெனிக்கு மாதா மாதம் பணம் கட்டுவது போல" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, சீட்டுக் கட்டுகிறவன் கடைசியில் கைக்கு வரும் தொகைக்காகக் கட்டுகிறான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் கரையில் இன்றும் கற்பூரம் ஏற்றுகிறவர்கள் எந்தத் தொகை வருமென்று ஏற்றுகிறார்கள்? போனவர்கள் வரமாட்டார்கள் என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அக்கரைப்பேட்டைப் பக்கம் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். இரண்டு பையன்களையும் கடலுக்குக் கொடுத்தவர். அலை வடிந்தபின் வீட்டுக்குப் போனால் பாத்திரம் இல்லை, வலை இல்லை, கதவு இல்லை. சுவரில் மாரியம்மன் படம் மட்டும் ஆணியிலேயே தொங்குகிறது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. "உன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தது, என் பிள்ளைகளை விட்டுவிட்டாயே" என்று கதறியிருக்கிறார்.

அப்புறம் செய்ததைக் கேளுங்கள். படத்தைத் தூக்கி எறியவில்லை. தற்காலிகக் குடியிருப்புக்கு மார்போடு அணைத்து எடுத்துப் போனார். அங்கே ஆணி அடித்து மாட்டினார், முகம் சுவர்ப் பக்கமாக! வெளியே தெரிந்தது பின்பக்கத்து அட்டை. அதில் தண்ணீர் ஏறி நின்ற உப்புக்கோடு. அந்தக் கோட்டுக்கு முன்னால் வெள்ளி தவறாமல் விளக்கேற்றியிருக்கிறார்.

மறுபடியும் சொல்கிறேன், நண்பர் கேட்க வேண்டும். எறியவில்லை. உடைக்கவில்லை. முகத்தைத் திருப்பி மாட்டிவிட்டு, முதுகுக்கு விளக்கேற்றினார். இல்லாத ஒருவரோடு யாராவது பேச்சை நிறுத்துவார்களா? ஓடிப்போன சீட்டுக் கம்பெனியின் வாசலில் யாராவது விளக்கு வைப்பார்களா? சீட்டுக் கட்டியவன் கேட்பது பணம். அவர் கேட்டது பதில்.

அந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. பக்கத்திலேயே திருவாரூர். ஒரு கண் பார்வையில்லாமல் வந்த சுந்தரர் அங்கே இறைவனைப் பார்த்து "வாழ்ந்து போதீரே" என்றார். நீர் நன்றாக இரும் என்று பொருள். பெற்ற பிள்ளை வீட்டு வாசலில் நின்று சொல்கிற சொல் அது. அதையும் தேவாரத்தில் சேர்த்துத்தான் கோயிலில் பாடுகிறோம்.

பக்கத்து வீட்டாரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாகூர் தர்காவில் மதம் பாராமல் அடைக்கலம் கொடுத்தார்கள். அந்தக் கதவைத் திறந்த கைகளும் தொழுகிற கைகள்தாம்.

அந்த அம்மாவிடம் கேட்டேன், "படத்தை எப்போது திருப்பினீர்கள்?" முதல் ஆண்டு நினைவு நாள். ஊரில் யாரும் கடலுக்குப் போகவில்லை. இரண்டு பையன்களுக்கும் இரண்டு செம்புப் பால் ஊற்றிவிட்டு ஈரப் புடவையோடு வந்திருக்கிறார். ஆணியிலிருந்து எடுத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாராம்.

"ஒரு வருஷம் சுவரைப் பார்த்தாய் அல்லவா தாயே? இனிமேல் என்னைப் பார்."