பெட்டிக்குள் கிடந்த பாடகி

[திரை: செந்நிறச் செவ்வாய். கேமரா மெல்ல இறங்க, ஒரு பெருநகரத்தின் விளக்குகள்.]

வணக்கம். ஆன்ட்ராய்டும், அதாவது மனித உருவில் செய்த ரோபோவும், மனிதனும் ஜோடி சேர்ந்து துப்பறியும் கதைகள் அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் உலகில் நிறைய உண்டு. அவற்றில் என் மனதை விட்டு அகலாத ஒன்றைப் பற்றி இன்று பேசப்போகிறேன். 1995-இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஆர்மிட்டேஜ் த தேர்ட்’. தொலைக்காட்சிக்காக அல்லாமல் நேரடியாக வீடியோவில் வெளியான தொடர் இது. மொத்தம் நான்கே பாகங்கள். இயக்கியவர் ஹிரோயுகி ஓச்சி, எழுதியவர் சியாகி கோனாகா. கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பற்றிப் பேச முடியாது. அதனால் தொடரைப் புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்து முடித்த பிறகு வாருங்கள்.

[திரை: விண்கல நிலையம். பயணிகள் கூட்டம்.]

ஆண்டு 2046. செவ்வாயில் மனிதர்கள் குடியேறிக் கட்டிய நகரம் செயின்ட் லோவெல். சிகாகோவிலிருந்து மாற்றலாகி அங்கே வந்து இறங்குகிறான் ராஸ் சிலிபஸ் என்ற போலீஸ் அதிகாரி. அவனுடன் பணியாற்றிய சகாவைக் கொன்றது ஒரு ரோபோ. அன்றிலிருந்து ரோபோ என்றாலே அவனுக்கு ஆகாது. நிலையத்திலேயே புதிய சகாவைச் சந்திக்கிறான்: நவோமி ஆர்மிட்டேஜ். சின்ன உருவம், முன்கோபம், சொன்ன பேச்சைக் கேட்காத குணம்.

அறிமுகம் முடிவதற்குள் துப்பாக்கிகள் வெடிக்கின்றன. ரெனே டான்கிளோட் என்ற கொலைகாரன் இழுத்து வந்த பெரிய பெட்டிக்குள் ஒரு பெண்ணின் உடல். கெல்லி மெக்கேனன், அமெரிக்கக் கிராமிய இசையான ‘கன்ட்ரி’யின் கடைசிப் பாடகி என்று எல்லோரும் கொண்டாடியவள். பிறகுதான் தெரிகிறது, அந்த உடலுக்குள் இருந்தவை இயந்திர பாகங்கள்.

[திரை: திறந்த பெட்டி. அசைவற்ற சட்டகம். ஐந்து விநாடி மௌனம்.]

இந்த இடத்தில்தான் நான் சற்று நிற்க வேண்டும். முதன்முறை பார்த்தபோதும் இங்கேதான் நிறுத்தினேன்.

அவள் பாடிய பாட்டுகள் நேற்றும் அவைதான், இன்றும் அவைதான். ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆனால் பாடியவள் மனுஷி இல்லை என்று தெரிந்த கணத்தில், கேட்டு உருகியவர்களுக்குத் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றுகிறது. கொலை நடந்திருக்கிறது என்பதே பின்னுக்குப் போய்விடுகிறது. கேள்வி மாறிவிடுகிறது. ‘இவளை யார் கொன்றது’ என்று யாரும் கேட்பதில்லை, ‘இவளை யார் செய்தது’ என்றுதான் கேட்கிறார்கள். ஒரு உயிருக்காகத் துக்கப்படுவதா வேண்டாமா என்பதை, தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்வோமா? தொடரின் மீதிக் கதை முழுவதும் இந்தப் பெட்டியிலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் எண்ணம்.

[திரை: தெருவில் முழக்கமிடும் கூட்டம்.]

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நகரத்தில் ரோபோக்கள் புதிதல்ல. பார்த்ததும் இயந்திரம் என்று தெரிந்துவிடும் ‘செகண்ட்’ வகை ரோபோக்கள் அன்றாட வேலைகளைச் செய்கின்றன. வேலை இழந்தவர்கள் அவற்றின் மேல் கொதித்துப்போய் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் செய்யப்பட்டவர்கள் ‘தேர்ட்’ வகையினர். மனிதரிடமிருந்து பிரித்தறிய முடியாதவர்கள், கலை படைக்கக்கூடியவர்கள். டான்கிளோட் இவர்களைத் தேடித் தேடிக் கொல்கிறான், கொலையை ஊரே பார்க்க ஒளிபரப்புகிறான். தொடரின் பெயரை இப்போது மறுபடியும் சொல்லிப் பாருங்கள். ஆம், ஆர்மிட்டேஜும் ஒரு தேர்ட். துப்பு தலைப்பிலேயே இருந்தது.

[திரை: ஒருபுறம் ராஸ், மறுபுறம் ஆர்மிட்டேஜ்.]

ராஸின் உடலைக் கவனியுங்கள். ரோபோவை வெறுக்கும் இந்த மனிதனுக்கு ஒரு கால் செயற்கைக் கால். கதை நகர நகர அவன் அடிபடுகிறான், உடலில் இயந்திரப் பகுதிகள் கூடிக்கொண்டே போகின்றன. வசனத்தில் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. காட்சிக்குக் காட்சி நம் கண்முன்னே நடக்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் ஆர்மிட்டேஜ், தான் எதற்காகச் செய்யப்பட்டோம் என்று தேடி அலைகிறாள். கிடைக்கும் விடை இது: தேர்ட் வகைப் பெண்களால் குழந்தை பெற முடியும். மக்கள்தொகை போதாத செவ்வாய்க்காகவே அவர்கள் உருவாக்கப்பட்டார்கள். தேவை தீர்ந்ததும், அதாவது பூமியோடு உறவு முக்கியமானதும், அரசே அவர்களைக் கைகழுவுகிறது.

இதைக் கேட்கும்போது எனக்கு ‘ரோபோ’ என்ற சொல்லின் பிறப்பு நினைவுக்கு வருகிறது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகம் அந்தச் சொல்லை உலகத்துக்குத் தந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து வந்தது அது. அந்த நாடகத்திலும் மனிதர்களுக்குக் குழந்தை பிறப்பது நின்றுபோகிறது. கடைசியில் காதல் அரும்புவது இரண்டு ரோபோக்களுக்கு இடையில். உழைப்பதற்கென்று செய்தவர்களின் வயிற்றில் நம் நாளையைத் தேடுவது, சொல் பிறந்த நாளிலிருந்தே கூட வரும் எண்ணம்.

[திரை: நகரத்தின் இரவுக் காட்சிகள், வேகமாக.]

குறைகளும் உண்டு. பூமியைப் பெண்ணியவாதிகள் ஆள்வதால்தான் இத்தனை சிக்கலும் என்ற அரசியல் பின்னணி மேலோட்டமானது, இன்று பார்க்கையில் உறுத்துகிறது. இவ்வளவு ஆழமான பாத்திரத்துக்கு அப்படி ஒரு அரைகுறை உடையைத் தந்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் உபரித் தகவல்: ஆர்மிட்டேஜ் என்ற பெயர் அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1929-இல் வெளியிட்ட கதையில் வரும் நூலகருடையது. கோனாகா அந்த எழுத்தில் ஊறியவர்.

[திரை: ராஸும் ஆர்மிட்டேஜும் ஒன்றாக நடந்துபோகும் காட்சி.]

எதை முதலில் பார்ப்பது என்று கேட்பீர்கள். நான்கு பாகங்களையும் சுருக்கி ‘பாலி மேட்ரிக்ஸ்’ என்று 1996-இல் ஒரு படமாக வெளியிட்டார்கள். ராஸுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் நடிகர் கீஃபர் சதர்லேண்ட். ஆனால் சுருக்கும்போது கதை மூச்சு வாங்க இடம் இல்லாமல் போய்விட்டது. நான்கு பாகங்களையே பாருங்கள். பிறகு 2002-இல் வந்த ‘டூயல் மேட்ரிக்ஸ்’ படத்துக்குப் போங்கள். அதில் ராஸும் நவோமியும் கணவன் மனைவி. கூடவே ஓடி விளையாடும் சிறுமி யோகோ, அவர்கள் இருவருக்கும் பிறந்த மகள்.