மைலோமா நோயாளிக்கு வைட்டமின் டி குறைந்தால்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஈசூனிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தந்தைக்கு வயது 68. மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார். அண்மைப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. “வருடம் முழுவதும் வெயில் அடிக்கும் சிங்கப்பூரில் இது எப்படிக் குறையும்? அதிக அளவில் கொடுத்தால் புற்றுநோயும் கட்டுப்படும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா?” என்பவை அவருடைய கேள்விகள். நான் மருந்தாளர், உங்கள் தந்தையின் கோப்பைப் பார்த்தவனல்லன். பொதுவான விளக்கத்தை மட்டுமே என்னால் தர முடியும்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். 14 என்பது மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம். வேறு ஆய்வகத்தில் இதே அளவு, லிட்டருக்கு 35 நானோமோல் என்று அச்சாகி வரும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அளவு ஏறிவிட்டதாக மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆகவே அலகைப் பாருங்கள். பொதுவாக 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பார்கள்.

வெயிலைப் பற்றிய கேள்வி நியாயமானது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். சிங்கப்பூரில் பொழுது விடியவே காலை ஏழு மணி ஆகிவிடுகிறது. புளோக்கின் கீழே அந்நேரத்தில் நடக்கும் மூத்தோர் மீது படுகிற இளவெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு. சன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும் என்பதால், வீட்டுக்குள் வெளிச்சத்தில் அமர்ந்திருப்பதால் பயனில்லை. நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரமும் தேவை. வயது ஏற ஏற தோலின் உற்பத்தித் திறனும் குறைந்துகொண்டே போகும். இத்தனைக்கும் மேல், சிகிச்சையில் இருப்பவர் களைப்பினால் வெளியே போவதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அதற்காக நண்பகல் வெயிலில் நிற்க வைத்துவிடாதீர்கள். நிமோனியா வராமல் தடுக்கத் தரப்படும் கோட்ரைமாக்சசோல், பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோல் போன்ற மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் புண்படச் செய்யும்.

மைலோமாவில் இந்தக் குறைபாட்டை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்றால், அந்நோய் எலும்பையே அரிக்கிறது. சிகிச்சையில் சேரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் எலும்பை மெலிய வைக்கும். எலும்பைக் காப்பதற்காகச் சோலெட்ரானிக் அமிலம் அல்லது டெனோசுமாப் ஊசி போடுவார்கள். வைட்டமின் டி குறைந்திருக்கும்போது அவற்றைச் செலுத்தினால் இரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி, உதட்டைச் சுற்றி மரத்துப்போதல், விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, தசைப்பிடிப்பு ஆகியவை வரலாம். எனவே ஊசிக்கு முன்பே குறைபாட்டைச் சரிசெய்ய மருத்துவர்கள் விரும்புவார்கள். உங்கள் தந்தைக்கு இந்த ஊசி உண்டா, எப்போது என்று அடுத்த சந்திப்பில் கேளுங்கள்.

புற்றுநோயே கட்டுப்படுமா என்பதற்கு வருகிறேன். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் சில வகைகளிலும் நாள்பட்ட லிம்ஃபோசைட் இரத்தப் புற்றுநோயிலும், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு நோய் மோசமாகச் சென்றது என்று, மருந்து எதுவும் கொடுத்துப் பார்க்காமல் நோயாளிகளைக் கவனித்து மட்டும் வந்த ஆய்வுகள் கூறியுள்ளன. ஆனால் நோய் கடுமையாக இருப்பவர் வெயிலில் நடமாடுவதும் சாப்பிடுவதும் குறைவு என்பதால், குறைந்த அளவு நோயின் விளைவாகவே இருக்கலாம். கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 26,000 பேரிடம் நடந்து 2018இல் வெளியான வைட்டல் ஆய்வில், தினமும் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் வருவது குறையவில்லை. வருமுன் காப்பதும் வந்ததைக் குணப்படுத்துவதும் ஒன்றல்ல என்பது உண்மைதான்; ஆயினும் எலும்புக்காகத் தருவதைப் புற்றுநோய் மருந்தாக நினைத்து அளவை ஏற்றுவதற்கு ஆதாரம் இல்லை.

அளவு மிஞ்சினால் ஏற்படும் ஆபத்தோ மைலோமாவில் இரட்டிப்பு. இந்நோயே எலும்பிலிருந்து கால்சியத்தை இரத்தத்தில் கொட்டக்கூடியது, சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. அதன்மேல் வைட்டமின் டியும் கால்சியத்தை ஏற்றினால் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பிறகு மயக்கமும் பிதற்றலும் வரும். இவற்றைக் கீமோவின் பக்கவிளைவு என்று வீட்டிலேயே பொறுத்திருப்பார்கள். அப்படிச் செய்யாமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

ஒருமுறை என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார்கள். வைட்டமின் டி மாத்திரை 1,000 யூனிட், கால்சிய மாத்திரைக்குள் 400, பல்வைட்டமினுக்குள் 600. ஊரிலிருந்து வந்த சித்தப்பா கொடுத்த பொடிப் பொட்டலம் ஒன்றில் மட்டும் 60,000! வாரம் ஒன்று எனக் குறுகிய காலத்திற்கு, மருத்துவர் சொன்னால் மட்டும் எடுக்க வேண்டிய அதைத் தினமும் பாலில் கலக்கிக் கொடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்றே கால்சியம் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். பொட்டலம் கொடுத்தவர் அன்போடுதான் கொடுத்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே சகோதரி, வீட்டிலுள்ள புட்டிகளை எல்லாம் ஒரே பையில் போட்டு, அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். கால்சியமும் சிறுநீரகச் செயல்பாடும் பார்த்த பிறகு மருத்துவர் சொல்லும் ஒரே ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்குங்கள். அது கொழுப்பில் கரைவது. வெறும் வயிற்றில் கொடுக்காமல் மதியச் சாப்பாட்டோடு கொடுக்கலாம். மீனும் முட்டை மஞ்சள் கருவும் நல்லவைதான். சார்டின் டப்பாவும் பரவாயில்லை, உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 14ஐ உணவால் மட்டும் ஏற்றுவது கடினம். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யும்போது, முடிந்தால் அதே ஆய்வகத்தில் செய்யச் சொல்லுங்கள். தாளில் அலகு மாறாது, ஒப்பிடவும் எளிது.