நூறு யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் தாள்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நூறு யூனிட் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. 2016 மே 23ஆம் தேதி, ஜெயலலிதா மறுபடி முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அன்றே கையெழுத்திட்ட கோப்புகளில் இதுவும் ஒன்று. ஆட்சி மாறியது, கட்டணமும் ஏறியது; நூறு யூனிட் அப்படியே நிற்கிறது. இந்தச் சலுகை நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் தாள்களை நாம் எப்படிப் பார்ப்பது என்பதுதான் என் பேச்சு.

நாம் கட்டாத அந்தத் தொகையை அரசு கட்ட வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆவது பிரிவு இதில் கறாராகவே பேசுகிறது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தில் யாருக்காவது சலுகை தர மாநில அரசு விரும்பினால், அந்தப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். கொடுக்கவில்லையென்றால் சலுகை உத்தரவு செல்லாது, ஆணையம் சொன்ன கட்டணமே நிற்கும். ஆகவே சலுகை என்பது மேடையில் அறிவித்ததோடு முடிகிற காரியமில்லை. அரசு ஆணையத்துக்குக் கடிதம் எழுத வேண்டும்; எந்தப் பிரிவினருக்கு எவ்வளவு என்று ஆணையம் கணக்கிட்டு மானிய உத்தரவு போட வேண்டும்; எரிசக்தித் துறை பணத்தை விடுவித்து ஆணை பிறப்பிக்க வேண்டும். 2023 ஜூலையில் மத்திய அரசு மின்சார விதிகளில் இன்னொன்றையும் சேர்த்தது. எவ்வளவு மானியம் கேட்டோம், எவ்வளவு வந்தது என்று மின் பகிர்மான நிறுவனம் ஒவ்வொரு காலாண்டு முடிந்த 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அடுத்த 30 நாளுக்குள் ஆணையம் அதைச் சரிபார்த்து வெளியிட வேண்டும்.

இத்தனை தாள் இருந்தும் நம் கையில் வந்து சேர்வது ஒரே ஒரு பில்தான்.

அந்த பில்லிலேயே ஒரு விசித்திரம் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டண உத்தரவை எடுத்துக்கொள்வோம். ஐந்நூறு யூனிட் ஓடிய வீட்டுக்கு முதல் நூறு இலவசம், அடுத்த நூறு இரண்டேகால் ரூபாய், அதற்கு மேல் 400 வரை நாலரை, மீதி நூறு ஆறு ரூபாய். கூட்டினால் 1,725 ரூபாய். பக்கத்து வீட்டில் 501 ஓடிவிட்டது. ஐந்நூறைத் தாண்டியதும் அந்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகை போய்விடுகிறது. இரண்டாவது நூறுக்கும் நாலரை ரூபாய். அந்த ஒரு யூனிட்டுக்கு எட்டு ரூபாய். மொத்தம் 1,958. ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்! பிற்பாடு கட்டண எண்கள் மாறின. ஆனால் நான் கேட்பது வேறு. இந்த 500 என்கிற கோட்டை எதை வைத்துப் போட்டார்கள்? எத்தனை வீடுகள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே மாட்டுகின்றன? இரண்டாயிரம் யூனிட் ஓடுகிற பங்களாவுக்கும் முதல் நூறு இலவசம்தான். அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போகும் மானியம் எவ்வளவு? மேடையில் இருந்து இதற்குப் பதில் வராது. கோப்பில்தான் தேட வேண்டும்.

மக்களிடம் விவரம் கேட்பதில் அரசு தயங்கியதே இல்லை. 2022 நவம்பரில் மின் இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். ஜனங்கள் ஈபி அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். கெடு நீண்டு நீண்டு 2023 பிப்ரவரிவரை போனது. இரண்டு கோடிக்கும் அதிகமான வீடுகளின் விவரம் வாரியத்திடம் சேர்ந்தது. அதைத் தொகுத்து எந்த அளவு மின்சாரம் செலவழிக்கும் வீடுகளுக்கு எவ்வளவு மானியம் போகிறது என்று தமிழில் நாலு பக்கம் போடுவது பெரிய காரியமா? ஆணையத்தின் கட்டண உத்தரவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான பக்கம், அதுவும் ஆங்கிலத்தில்.

இப்படிப் போடுவதை நாம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. மானியத் திட்டங்கள் நடக்கும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகள் விவரம் ஆகியவை அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. இந்தியாவிலேயே முதலில், 1997இல், தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அதில் விதிவிலக்குகள்தான் அதிகம் என்று அப்போதே முணுமுணுத்தார்கள், அது வேறு கதை.

தானாக வெளியிடாவிட்டால் மனு போடலாம். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர் விசாரிக்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வி அமைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று எழுதினால், விளக்கம் தருவது எங்கள் வேலை அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் இல்லாத தகவலைப் புதிதாகத் தயாரித்துத் தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் சொல்லியிருக்கிறது. அதனால் இருக்கிற தாளைக் கேளுங்கள். குறிப்பிட்ட ஆண்டின் மானிய அரசாணை நகல், பணம் விடுவித்த ஆணை நகல், காலாண்டு மானிய அறிக்கை, உங்கள் பிரிவு அலுவலகத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய இணைப்புகளின் எண்ணிக்கை காட்டும் கணினிப் பதிவு. இன்னும் நல்லது, கோப்பையே நேரில் பார்க்க அனுமதி கேட்பது. பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கோப்பின் ஓரத்தில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகள்தான் உண்மையான கதை. அரசாணையில் அது வராது.

ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் அவர் ஓட்டிய யூனிட்டும் வேண்டுமென்று கேட்காதீர்கள். அது அவர் சொந்த விஷயம், தரவும் மாட்டார்கள். 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் மறுப்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. இனி எதைக் கேட்டாலும் 'தனிநபர் தகவல்' என்று திருப்பி அனுப்பும் பழக்கம் பரவும் என்பது என் பயம். பெயரில்லாத மொத்தக் கணக்கில் தனிநபர் யாரும் இல்லை. அதை மனுவிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அப்படியும் மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம். இரண்டுக்கும் வழக்கறிஞர் தேவையில்லை. மனுவின் நகலையும் பதிவுத் தபால் ரசீதையும் மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.