சுவடிக் கட்டை அவிழ்க்கும் முன்

(காட்சி: மேசைமேல் ஓர் ஓலைச்சுவடிக் கட்டு. கறுத்த மரச்சட்டங்கள், சுற்றிய கயிறு.)

இந்தக் கட்டைப் பார்த்ததும் கை நேராகக் கயிற்றுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். அவிழ்ப்பதற்கு முன்பே படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்த சி.வை. தாமோதரம் பிள்ளை, பதிப்புரையில் தான் பட்ட பாட்டைச் சொல்லியிருக்கிறார். ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, எழுத்துகளையோ பாணப்பூச்சி ஏர் கட்டி உழுதுவிட்டது என்கிறார். அந்த உழவுச் சால்களே இன்று சுவடி ஆய்வுக்குத் தடயம்.

(காட்சி: ஏட்டின் துளைகள், நெருக்கத்தில்.)

முதலில் கட்டு. ஓலையில் பெரும்பாலும் இரண்டு துளைகள். ஒன்றில் கயிறு ஓடும். மற்றொன்றில் செப்புக் கம்பியோ மூங்கில் குச்சியோ செருகுவார்கள். அதற்கு நாராசம் என்று பெயர். கயிற்றின் ஒரு முனையில் முடிச்சு, மறுமுனையில் ஈர்க்கோடு நறுக்கிய ஓலைத்துண்டு. கிளியின் மூக்குப் போல இருப்பதால் அது கிளிமூக்கு. மேலும் கீழும் மரச்சட்டம். பைண்டிங் அவ்வளவுதான், பசையும் இல்லை, தையலும் இல்லை.

கயிறு அறுந்தால் சீட்டுக்கட்டு சரிந்த கதைதான். யாரோ அள்ளிச் சேர்த்து, கைக்கு வந்தபடி கட்டிவைத்திருப்பார்கள். ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருந்தால் பிழைத்தோம். முதலில் உதிர்வதும் அந்த ஓரம்தான்!

(காட்சி: வரிசையாகப் பரப்பிய ஏழெட்டு ஏடுகள்.)

இங்கேதான் பூச்சி உதவிக்கு வருகிறது. அது ஏடு ஏடாகத் தின்பதில்லை, கட்டுக்குள் சுரங்கம் தோண்டுகிறது. அதனால் அடுத்தடுத்த ஏடுகளில் ஓட்டை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். மெல்ல நகரும், சுருங்கும், மறையும். நடுவில் ஒரே ஓர் ஏட்டில் மட்டும் ஓட்டை இல்லையா? பூச்சி அரித்த நாளில் அந்த ஏடு அங்கே இருந்திருக்காது. கயிற்றுத் துளைகளின் இடைவெளியும் ஒத்துவராவிட்டால், வேறு சுவடியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ என்று சந்தேகப்படலாம்.

சரி, பராமரிப்பு. அவிழ்க்கும் முன் கட்டை எல்லாப் பக்கமும் படமெடுத்துவிட வேண்டும். அப்புறம் மென்மையான தூரிகையால் தூசி தட்டுவது. எழுத்து மங்கியிருந்தால் பதற வேண்டாம். எழுத்தாணி கீறிய பள்ளம் அப்படியேதான் இருக்கும். விளக்குக் கரியை எலுமிச்சைப்புல் எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால், கரி பள்ளத்தில் தங்கி எழுத்து எழும்பும். அந்த வாசனைக்குப் பூச்சியும் அண்டாது. அதற்காக வீட்டில் கிடைத்த சுவடிக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிடாதீர்கள், தூசிதான் அப்பும்.

(காட்சி: புதுப் பருத்திக் கயிற்றால் கட்டும் கைகள்.)

திரும்பக் கட்டும்போது இறுக்கினால் கயிறு துளையை அறுக்கும். தளர்த்தினால் ஏடுகள் உரசி நெளியும். பழைய கயிற்றைக் குப்பையில் போடக்கூடாது. கிளிமூக்கோடு ஓர் உறையில் இட்டு, அதே சுவடி எண்ணை எழுதி, கட்டின் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.