தானாக நிற்கும் பாவாடை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் குழந்தைகளுக்குப் பிறந்தநாள் கவுன் தைக்கிறவள். முதல் பிறந்தநாளுக்குத் தைக்க வருகிற அம்மாக்கள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி நல்லா புஸ்ஸுன்னு நிக்கணும்க்கா" என்பார்கள். சரி என்று நெட் துணியை மூன்று நான்கு அடுக்காகச் சுருக்கு வைத்து, அடியில் கேன்கேன் என்ற விறைப்பான வலைத்துணியைக் கொடுத்து நிறுத்துவேன். கேன்கேன் என்ற பெயரே பாரிஸ் நடனம் ஒன்றிலிருந்து வந்ததுதான். அந்தக் கவுனுக்குக் கொள்ளுப்பாட்டி ஒருத்தி இருக்கிறாள். அவளும் பாரிஸ்காரிதான். பாலே நடனத்தில் உடுத்தும் டூட்டூ.

வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். டூட்டூவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கெண்டைக்கால்வரை மணிபோலத் தொங்குவது. இன்னொன்று, இடுப்பைச் சுற்றி அப்பளம்போலத் தட்டையாக விரிந்து நிற்பது. படத்தில் நாம் அதிகம் பார்ப்பது இரண்டாவது. ஆனால் முதலில் வந்தது மணி.

1832 மார்ச் 12. பாரிஸ் ஓப்பராவில் 'லா சில்ஃபீத்' என்ற பாலே அரங்கேறியது. கல்யாணத்தன்று காற்றுத் தேவதை ஒருத்தியின் பின்னால் போய்விடும் ஸ்காட்லாந்து இளைஞனின் கதை. தேவதையாக ஆடியவர் மரீ டாக்லியோனி. நடனத்தை அமைத்தவர் அவருடைய அப்பா. கால் நுனியில் நின்று, மெல்லிய வெள்ளைப் பாவாடையில் அவர் மிதந்ததைப் பார்த்து ஊரே சொக்கிப்போனது. அதில் பாதிப் புண்ணியம் விளக்குக்குச் சேரும் என்பது என் கணக்கு. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்புதான் அந்த அரங்கத்துக்குக் கேஸ் விளக்கு வந்திருந்தது. அந்த ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம், நிலவுபோல மங்கலாக்கலாம். மங்கிய ஒளியில் கனமான பட்டு கறுத்துத் தெரியும். இழை விட்டு நெய்த வெள்ளைத் துணி அடுக்கடுக்காக இருந்தால், ஒளி உள்ளே புகுந்து துணியே விளக்குபோல ஆகிவிடும்.

அந்தக் காலத்துப் பாவாடைக்கு மஸ்லின், டார்லடான் மாதிரி பருத்தித் துணிகள்தான். டார்லடான் என்றால் சல்லடைபோல நெய்து கஞ்சி போட்ட துணி. வலைத்துணியைக் கையால் பின்னிக்கொண்டிருந்த காலம் போய், ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் 1809 வாக்கில் அதற்கு இயந்திரம் கண்டுபிடித்தார். 1816-இல் ஒரு கும்பல் அவருடைய லாஃப்பரோ ஆலைக்குள் புகுந்து 55 இயந்திரங்களை அடித்து நொறுக்கியது. மனிதர் ஆலையையே டெவன் பக்கம் டிவர்ட்டனுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். இன்று நான் மீட்டர் கணக்கில் நெட் வாங்கிப் போட முடிவதற்கு அந்த ஆளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கஞ்சி போட்ட பருத்தி, அடுக்கடுக்காக. நடுவில் காற்று. பக்கத்தில் திறந்த கேஸ் சுடர். இதில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

டாக்லியோனியின் செல்ல மாணவி எம்மா லிவ்ரி. தீப்பிடிக்காமல் இருக்கத் துணியை ரசாயனக் கரைசலில் தோய்க்கும் முறை அப்போதே இருந்தது. தோய்த்தால் துணி விறைத்துப்போகும், வெள்ளை மங்கி அழுக்காகத் தெரியும். எனக்கு வேண்டாம், சாதாரணப் பாவாடையில்தான் ஆடுவேன் என்று எம்மா மறுத்துவிட்டார். 1862 நவம்பர் 15, ஒத்திகை நேரம். பாவாடையை உதறிச் சரிசெய்தபோது மேடைப் பக்கத்து விளக்கில் தீப்பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, 1863 ஜூலையில் இறந்தார். வயது இருபது. கருகிய உடையின் மிச்சத்தைப் பாரிஸ் ஓப்பராவின் அருங்காட்சியகத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

எம்மாவை முட்டாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. துணி விழுகிற விதத்துக்காக அடம்பிடிப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நானும் அந்த ரகம்தான். ஆனால் கவுனைக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்வேன்: கேக் மெழுகுவத்தியை ஊதும்போது பிள்ளையை மேசையோடு ஒட்டி நிற்க வைக்காதீர்கள். இன்றைய நெட் பெரும்பாலும் நைலானோ பாலியஸ்டரோதான். எரிவதோடு நில்லாமல் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

மணி எப்படி அப்பளம் ஆனது? கால் வேலை கூடியதால்தான். 1885-இல் இத்தாலியிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போன விர்ஜீனியா சுக்கி, அங்கே வழக்கமான நீளப் பாவாடை வேண்டாம் என்று பிடிவாதமாகக் குட்டையாக்கிக்கொண்டார். பத்து ஆண்டு கழித்து, இன்னொரு இத்தாலியரான பியரினா லெஞ்ஞானி 'ஸ்வான் லேக்'கில் ஒற்றைக் காலில் நின்றபடி 32 சுற்றுச் சுற்றினார். அதைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது, பாவாடை மறைக்கலாமா? நம் பரதநாட்டிய உடையில் அரைமண்டியில் உட்கார்ந்தால் விசிறி மடிப்பு விரிந்து காலோடு சேர்ந்து ஆடும். டூட்டூ அப்படி இல்லை. காலுக்கு வழிவிட்டு மேலே ஏறிக்கொள்ளும். அப்புறம், 'டூட்டூ' என்ற சொல் 1880-களில்தான் புழக்கத்துக்கு வருகிறது. பிரெஞ்சுக் குழந்தைகள் பிட்டத்துக்குச் சொல்லும் செல்லப் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். இதைக் கேட்டு என் கடைப் பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

தையல்காரியாக எனக்கு மிகவும் பிடித்த பெயர் பார்பரா கரின்ஸ்கா. கார்கிவ் நகரில் பிறந்து, கடைசியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். 1948-இல் வந்த 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் உடைக்காக ஆஸ்கர் பகிர்ந்துகொண்டவர். அதுவரை டூட்டூவைத் தட்டையாக நிறுத்த உள்ளே கம்பி வளையம் கோப்பார்கள். ஒருத்தி மட்டும் ஆடினால் சரி. ஒரு கும்பலே நெருங்கி ஆடினால் வளையத்தோடு வளையம் இடித்து, ஒன்று அமுங்க இன்னொன்று தூக்கும். 1950-இல் நடன அமைப்பாளர் பாலன்சின் நியூயார்க்கில் 'சிம்பொனி இன் சி' பாலேயைப் போட்டபோது கரின்ஸ்கா வளையத்தை எடுத்துவிட்டார். நெட் அடுக்குகளைக் குறைத்து, ஒன்றைவிட ஒன்று சிறிது நீளமாக வெட்டி, இறுக்காமல் தளர்வாகத் தையல் போட்டுப் பிடித்தார். பவுடர் போடும் பஞ்சுபோல மெத்தென்று நின்றது பாவாடை. அந்தப் பெயரே அதற்கு நிலைத்தும் விட்டது. மூச்சு வாங்க இடம் வேண்டும் என்று மேல்சட்டையின் பக்கத் துண்டுகளைக் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டியதும் அவர்தான். அளவெடுக்கும்போது "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லும் டெய்லர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேடையிலிருந்து இது தெருவுக்கு வந்த கதையும் உண்டு. போர் முடிந்து 1947-இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் இறுகிய இடுப்பும் அகன்ற பாவாடையுமாக உடைகளை வெளியிட்டதும், விருந்துக் கவுன்கள் பாலே மேடையை நோக்கிப் போயின. மார்கோ ஃபான்டெய்ன் என்ற பெரிய பாலே நட்சத்திரமே அவருடைய வாடிக்கையாளர். 1985-இல் ஆங்கில உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட், விக்டோரியா ராணி காலத்துக் கம்பிப் பாவாடையை டூட்டூ நீளத்துக்கு வெட்டிக் குறும்பு செய்தார். 1998-இல் 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' தொடரின் தொடக்கக் காட்சியில் சாரா ஜெசிகா பார்க்கர், பனியனுக்குக் கீழே வெள்ளை டூட்டூ போட்டு நியூயார்க் தெருவில் நடந்தார். உடை அமைப்பாளர் பட்ரீஷியா ஃபீல்ட் அந்தப் பாவாடையைக் கண்டெடுத்தது ஐந்து டாலர் கூடையில். அந்தக் காட்சிக்காக வைத்திருந்த டூட்டூக்களில் ஒன்று 2024 ஜனவரியில் 52,000 டாலருக்கு ஏலம் போனது. தையல்கூலி எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

2018-இல் அமெரிக்க ஓப்பன் டென்னிஸில் செரீனா வில்லியம்ஸ் கறுப்பு டூட்டூவில் இறங்கினார். பிரெஞ்சு ஓப்பனில் அவர் போட்ட உடலோடு ஒட்டிய உடையை இனி ஏற்கமாட்டோம் என்று அங்கே சொல்லியிருந்ததால், இது பதிலடி என்று பலர் எழுதினார்கள். ஆனால் வர்ஜில் அப்லோ வடிவமைத்த அந்த உடையின் படம் அதற்கு முன்பே வெளியாகிவிட்டது. பதிலடியோ இல்லையோ, அத்தனை பலமாக சர்வீஸ் அடிக்கும் உடம்பின்மேல் அந்த நெட் துள்ளியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியாக ஒரு வேலை விஷயம். பாலேக் குழுக்களில் டூட்டூவைத் துவைப்பதில்லை. வியர்வை வாடை போக, வோட்காவைத் தண்ணீரில் கலந்து உள்பக்கம் தெளிக்கிறார்கள். முதுகில் ஜிப் கிடையாது, வரிசை வரிசையாகக் கொக்கிதான். ஒருத்தி போட்டதை அடுத்தவள் தன் அளவுக்கு மாட்டிக்கொள்ளலாம். மாட்டி வைப்பதும் தலைகீழாகத்தான். உங்கள் வீட்டில் பிள்ளையின் நெட் கவுன் பீரோவில் மடங்கிக் கிடந்தால், வோட்காவெல்லாம் வேண்டாம். பாவாடைப் பக்கம் மேலே வரும்படி இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள், மடிப்பு தளர்ந்திருக்கும்.

வணக்கம்.