வலிக்கிற இடத்தில் 'பேட்' ஒட்டாதீர்கள்: முன்பாத வலியோடு நான்கு மாதம்

வணக்கம். மணி காலை ஐந்தே முக்கால். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கிறேன். பின்னால் சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது காலை நடைக்காரர்களின் சிரிப்புப் பயிற்சி. தினமும் நடக்கும்.

சென்ற வீடியோவில் "அடுத்து முப்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் பார்ப்போம்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுப் போனவள், நான்கு மாதமாக ஆளையே காணோம். ஜனவரி மாதச் சென்னை மாரத்தானில் நான் ஓடவில்லை. ரோட்டோரம் நின்று கை தட்டினேன், அதுவும் ஒரு காலில் எடையைப் போட்டுக்கொண்டு.

காரணம் இதோ. கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புகிறேன். உள்ளங்காலில் விரல்கள் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது பாருங்கள், இந்த இடம். குதிகால் வலிக்கு ஆயிரம் பேர் ஆலோசனை சொல்வார்கள். இங்கே வலிக்கிறது என்றால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கால் ஆணியா இருக்கும், மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டு." எனக்கு ஆணியும் இல்லை, ஒன்றும் இல்லை. தோல் சுத்தமாக இருந்தது.

முதலில் தெரிந்தது ஈ.சி.ஆரில், பதினான்காவது கிலோமீட்டரில். ஷூவுக்குள் கல் போய்விட்டது என்று நினைத்து நின்றேன். கழற்றி உதறினேன், கல் இல்லை. சாக்ஸ் சுருண்டிருக்கும் என்று இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி ஓடினேன். ஒரு கிலோமீட்டரில் அதே கல் மறுபடி வந்துவிட்டது. இல்லாத கல்லுக்காக அன்றைக்கு மூன்று முறை ஷூவைக் கழற்றியிருக்கிறேன். இதே வலி இருக்கிறவர்கள் இப்போது தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தப்பு என்னுடையதுதான். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள், மூன்றே வாரத்தில் 55க்குப் போனேன். அதே சமயம் புது ஷூ. எடை குறைவு, அடிப்பாகம் மெல்லிசு, முன்பக்கம் குறுகல். கடையில் காலை பத்து மணிக்குப் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு கால் எவ்வளவு வீங்கும் என்று அங்கே யோசிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நிமிடத்துக்கு 165 அடி வைக்கிறேன் என்றால் ஒரு மணி நேரத்தில் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு காலுக்கும் ஏறக்குறைய ஐயாயிரம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தள்ளுவது உடம்பு எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு. குதிகால் மேலே எழும்பிய பிறகு அந்தச் சுமை முழுக்க இந்தச் சின்ன மேட்டில்தான் இருக்கிறது.

அந்த மேட்டுக்குள் ஐந்து நீள எலும்புகளின் முனைகள் வரிசையாக இருக்கின்றன. மெட்டாடார்சல் என்பார்கள். கட்டைவிரலுக்கு நேராக இருப்பது தடியானது, அதன் கீழே பட்டாணி மாதிரி இரண்டு குட்டி எலும்புகள் வேறு முட்டுக்கொடுக்கின்றன. இரண்டாவது எலும்பு அப்படியில்லை. ஒல்லி, நீளம், அதோடு அதன் அடிப்பகுதி நடுப்பாத எலும்புகளுக்கு இடையில் ஆப்பு அடித்த மாதிரி சிக்கியிருக்கிறது. பக்கத்து எலும்புகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது. அதனால் அடியை இதுதான் வாங்கும். எனக்கும் வலி இரண்டாவது, மூன்றாவது விரலுக்குக் கீழேதான்.

எனக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். "புருஷனை அடக்கி ஆளுவாள்" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஒரு பாட்டி சொன்னார். அது நடந்ததா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வலி வந்ததும் என்ன செய்தேன்? ஓட்டத்தை நிறுத்தினேன். இரண்டு வாரம். ஐஸ் ஒத்தடம், வெந்நீர், எல்லாம். குறையவே இல்லை. ஓடாமல் இருந்தும் ஏன் குறையவில்லை என்பதுதான் அப்போது எனக்குப் புரியாத விஷயம். நம் வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறோம். அப்புறம் நாள் முழுக்க டைல்ஸ் தரையில் வெறுங்கால். காலையில் இரண்டு மணி நேரம் அடுப்படியில் ஒரே இடத்தில் நிற்கிறேன், சாயங்காலம் மறுபடி. ரோட்டில் ஓட்டத்தை நிறுத்திவிட்டேனே தவிர, பாதத்துக்கு ஒரு நாள்கூட ஓய்வு கொடுக்கவில்லை.

இது போதாதென்று கார்த்திகை மாதம் திருவண்ணாமலை கிரிவலம். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலில், தார் ரோட்டிலும் சிமென்டிலும். "ஓட்டம்தானே கூடாது, நடைதானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி, வலது காலை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டார். நான் உள்ளங்கை முழுவதையும் பாதத்தின் மேல் வைத்துக் காட்டினேன். "அப்படி இல்லம்மா, ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்க" என்றார். நான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உபயோகம் அந்த ஒரு வாக்கியம். முன்பாத வலி என்பது ஒரு வியாதி இல்லை, பல வியாதிகளுக்கு ஒரே வாசல்.

விரல் எலும்பு முனையில் நின்றால், அதுவும் அடியில் மட்டும், பெரும்பாலும் சுமை அதிகமானதால் வந்த வலி. எனக்கு இருந்தது அது. விரல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் போய் நின்றால், முக்கியமாக மூன்றாவது நான்காவதுக்கு நடுவில், கூடவே விரல்கள் மரத்துப்போவது, மின்சாரம் அடிப்பது மாதிரி சுருக்கென்று இழுப்பது இருந்தால், அது நரம்பு. பிலடெல்பியாவைச் சேர்ந்த தாமஸ் மார்ட்டன் என்ற டாக்டர் 1876-இல் இதைப் பற்றி எழுதியதால் மார்ட்டன் நியூரோமா என்று பெயர். பெயரைப் பார்த்துக் கட்டி என்று பயந்துவிடாதீர்கள், நரம்பைச் சுற்றியுள்ள திசு தடித்துப்போவதுதான். குறுகலான ஷூவைக் கழற்றியதும் நிம்மதியாக இருக்கிறது என்றால் அந்தப் பக்கம் சந்தேகப்படலாம். கட்டைவிரலுக்கு நேர் கீழே வலித்தால் நான் சொன்ன அந்தப் பட்டாணி எலும்புகள். இரண்டாவது விரல் மெதுவாகக் கட்டைவிரல் பக்கம் சாய்ந்துகொண்டே போனால், அடியில் இருக்கும் தசைநார்த் தகடு கிழிந்திருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் ஒன்று. பாதத்தின் மேல்பக்கத்தில் வீக்கம், எலும்பின் மேல் ஒரே புள்ளியில் அழுத்தினால் உயிர் போகிற வலி, ஒற்றைக் காலில் குதிக்கவே முடியவில்லை. இப்படி இருந்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம், ஓடவே ஓடாதீர்கள். 1855-இல் பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்ய ராணுவ டாக்டர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் கால் வீக்கத்தைப் பற்றி எழுதினார். எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 1895-இல் எக்ஸ்ரே வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த எக்ஸ்ரேவிலும் முதல் இரண்டு மூன்று வாரம் விரிசல் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரு சீட்டை வைத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் போய்விடாதீர்கள்.

டாக்டர் முதலில் கேட்டது ஓட்டத்தைப் பற்றி இல்லை, "சுகர் இருக்கா?" என்றுதான். இருக்கிறவர்களுக்குப் பாதம் மரத்துப்போவது வேறு கதை. நான் சொல்வதைக் கேட்டு வீட்டில் எதையும் செய்துபார்க்காமல் நேராக டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். இரண்டு காலும் ஒன்றாக வலித்து, காலையில் வெகுநேரம் விறைப்பாக இருந்தாலும் அப்படித்தான், அது மூட்டுவாதமாக இருக்கலாம்.

இப்போது தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். இது மெட்டாடார்சல் பேட். ஷூவுக்குள் ஒட்டுகிற சின்ன மேடு, அவ்வளவுதான். வாங்கியதும் நான் என்ன செய்தேன்? வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டினேன். வலிக்கிற இடத்துக்கு மெத்தை போடுவதுதானே நியாயம் என்று பட்டது. இரண்டு நாளில் வலி அதிகம். ஏற்கெனவே சுமை தாங்காமல் அழுகிற எலும்புக்கு அடியில் இன்னொரு மேட்டை வைத்துவிட்டேன்!

பேட் இருக்க வேண்டியது வலிக்குப் பின்னால், குதிகால் பக்கமாக. எலும்பின் முனையில் இல்லை, தண்டுக்கு அடியில். அது தண்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பதால் முனையின் மேல் விழும் சுமை பின்னால் நகர்கிறது, எலும்புகளும் லேசாக விலகி நரம்புக்கு இடம் கிடைக்கிறது.

சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்மை. ஆமாம், கண்ணுக்குப் போடுவதுதான். அழுத்திப் பார்த்து அதிகம் வலிக்கிற புள்ளியில் நன்றாகப் பூசி, சாக்ஸ் இல்லாமல் ஷூவுக்குள் காலை விட்டு எழுந்து நில்லுங்கள். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் தகட்டில், அதாவது இன்சோலில், கறுப்பாகப் பதிந்திருக்கும். அந்தக் கறை முடிகிற இடத்துக்குப் பின்னால் பேட் தொடங்க வேண்டும். என் இன்சோலைப் பாருங்கள், கறை இங்கே, பேட் அங்கே. முதல் மூன்று நாள் உள்ளே உருண்டை மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்து பழகினேன். நான்காவது நாள் அது இருப்பதே மறந்துவிட்டது.

இன்சோலைக் கையில் எடுத்திருக்கும்போதே இன்னொரு வேலை. தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். பாதம் பக்கவாட்டில் வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. என் புது ஷூவில் சுண்டுவிரல் முழுக்க வெளியே இருந்தது. இப்போது வைத்திருப்பது அகலமானது, முன்பக்கம் படகு மாதிரி வளைந்திருக்கும். விரல்கள் அதிகம் மடங்காமலே உருண்டு போய்விடும். லேஸில் கீழே இருக்கும் முதல் ஜோடி ஓட்டையை விட்டுவிட்டுக் கட்டுகிறேன், முன்பாதத்தில் இறுக்கம் குறைகிறது. ஷூ வாங்கப் போவதாக இருந்தால் சாயங்காலம் போங்கள்.

கெண்டைக்காலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். கெண்டை இறுகியிருந்தால் கணுக்கால் போதுமான அளவு மடங்காது. குதிகால் சீக்கிரமே எழும்பிவிடும், முன்பாதம் கூடுதல் நேரம் சுமக்கும். சுவரில் கை வைத்து, பின்னங்காலின் முட்டியை நீட்டி அரை நிமிடம், மடக்கி அரை நிமிடம், காலையிலும் மாலையிலும் செய்கிறேன். ஓடும்போது அடியைக் கொஞ்சம் குட்டையாக வைக்கிறேன். வீட்டுக்குள் ரப்பர் செருப்பு வந்துவிட்டது. அடுப்படிக்கு மட்டும் என்று தனியாக ஒரு ஜோடி, வெளியே போகாதது. அத்தைக்கு அதில் இன்னும் சம்மதமில்லை.

ஊசி போட்டால் உடனே சரியாகிவிடும் என்று ஓட்டக் குழுவில் ஒருவர் சொன்னார். ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு உதவும்தான். ஆனால் அந்த இடத்தில் இயற்கையாக இருக்கும் கொழுப்பு மெத்தையே அதனால் கரைந்துபோகலாம் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு ஆசை போய்விட்டது. பந்தயத்துக்காக அவசரப்பட்டுப் போட்டுக்கொள்கிற விஷயம் இல்லை அது.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, அப்படி ஆரம்பித்து இன்றைக்கு முதல்முறையாக மூன்று கிலோமீட்டர் நிற்காமல் ஓடப்போகிறேன். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் நின்றுவிடுவேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடி நேற்றைவிட மோசமாக இருந்தால், அடுத்த ஓட்டம் ரத்து. அந்த முதல் அடியை மட்டும்தான் நான் நம்புகிறேன். ஓடும்போது உடம்பு நன்றாகப் பொய் சொல்லும்.

ஒன்று விட்டுப்போச்சு, மெட்டி. இரண்டாவது விரலில் போடுவதுதானே, கால் வீங்கியபோது கழற்ற முடியாமல் சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் எடுத்தேன். இப்போது ஓடும் நாட்களில் கழற்றிப் பர்ஸில் வைத்துவிடுகிறேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, வீட்டுக்குள் நுழைவதற்குள் ஞாபகமாகப் போட வேண்டும்.

வெயில் வந்துவிட்டது. கேமராவை இந்தத் திண்டில் வைத்துவிட்டு ஓடுகிறேன், இருபத்தைந்து நிமிடத்தில் வருவேன்.