74 கிலோமீட்டர் பறக்க ராத்திரி ஒரு மணிக்கே கிளம்பினேன்

வந்து சேர்ந்தாயிற்று மக்களே, லுக்லா! நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் வந்து இறங்கும் மலையூர். 2,845 மீட்டர் உயரம், மூச்சு வாங்குகிறது, அதனால் இன்றைக்கு மெதுவாகத்தான் பேசுவேன்.

போன வீடியோவில் ஒரு இணையதளம் காட்டினேனே, இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லுமே, முதலில் அதைத் திட்டிவிடுகிறேன். நான் விமானம் ஏறிய ராமேச்சாப்பிலிருந்து லுக்லா 74 கிலோமீட்டர். சரி. நேரம் 36 நிமிடமாம்! ஜெட் விமானத்தின் 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுகிறது. இங்கே பறப்பது ட்வின் ஆட்டர், ரெண்டு விசிறி வைத்த குட்டி விமானம். என் கைக்கடிகாரத்தில் 18 நிமிடம்.

அந்த 18 நிமிடத்துக்குத்தான் ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினேன். காத்மாண்டுவில் ஓடுபாதை ஒன்றே ஒன்று. சீசனில் நெரிசல் தாங்காமல் லுக்லா விமானங்களை ராமேச்சாப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். காத்மாண்டுவிலிருந்து அங்கே போக 130 கிலோமீட்டர் மலைப்பாதை, ஐந்து மணி நேரம். வளைவு என்றால் என் வயிறு என்ன ஆகும் என்று கொடைக்கானல் வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். அதையே ரெண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், பருப்புப்பொடி. விமானத்தில் ஆளுக்கு மொத்தம் 15 கிலோ சாமான்தான். தராசில் என் பைகள் 16.2! அந்த டப்பா இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்? ஓரமாகப் போய் டப்பாவை ஜாக்கெட்டின் ஒரு பாக்கெட்டில் திணித்தேன், பவர் பேங்க் ரெண்டையும் இன்னொன்றில். மறுபடி வைத்தால் 14.9. விமானத்துக்கு எடை அதேதான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த 14.9-ஐப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்தும் விமானம் கிளம்ப எட்டு மணி தாண்டிவிட்டது. லுக்லாவில் மேகம். ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்க முடியும், கருவி உதவி கிடையாது. முற்பகல் தாண்டினால் காற்று வேறு கிளம்பிவிடும், அதனால்தான் எல்லோரும் விடியற்காலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

ஆங், சீட்! நம்பர் கிடையாது, ஓடிப்போய் இடது பக்கம் பிடியுங்கள். பனிமலை எல்லாம் அந்தப் பக்கம்தான். வலது பக்கம் உட்கார்ந்தவர் வழி நெடுக என் தோள் மேலேயே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார், பாவம்.

இறங்கியது தனிக் கதை. ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் 11.7 சதவீதம் மேட்டுச் சாய்வு. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 60 மீட்டர் உயர வித்தியாசம். அந்த ஏற்றமே பாதி பிரேக். முடிகிற இடத்தில் சுவர், இந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. எட்மண்ட் ஹில்லாரி 1964-இல் முன்னின்று அமைத்த இடம். சக்கரம் தொட்டதும் விமானமே கைதட்டியது. நான் தட்டவில்லை, ரெண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, தால் பாத் வந்துவிட்டது, அதான் இங்கத்திய பருப்பும் சோறும். இருங்கள், டப்பா எந்தப் பாக்கெட்டில்...